அப்பாவின் டூ-இன்-ஒன்னும் ஞாயிற்றுக்கிழமை ரசிகர்களும்

நம் வாட்ஸப் குழுவில் இந்த ஞாயிற்றுக்கிழமையும் அந்தக் கேள்வி வந்துவிட்டது. 'சமீபத்தில் என்ன ஆல்பம் கேட்டீர்கள்? பகிருங்கள்.' கேட்டவர் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். கேள்வியைப் போட்ட கையோடு தன் பதிலையும் போட்டுவிட்டார். அவர் கேள்வி கேட்பதே அதற்காகத்தான். கறுப்பு இசைத்தட்டு ஒன்றைச் சாய்த்து வைத்து, பக்கத்தில் ஒரு கோப்பை, ஜன்னலில் கொஞ்சம் மழை. இசைத்தட்டின் மேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் உறையை அவர் இன்னும் பிரிக்கவே இல்லை என்பது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் தெரியும். நான் பெரிதாக்கித்தான் பார்ப்பேன்.

அதன் பிறகு நீங்கள் எல்லோரும் வரிசையாக வந்தீர்கள். 'இரண்டாம் பக்கத்தில்தான் உயிர் இருக்கிறது' என்று ஒருவர். 'அந்தப் பாடகரின் கடைசிக் கால ஆல்பங்களை உலகம் சரியாகக் கேட்கவில்லை' என்று இன்னொருவர். உலகம் என்றால் அவர் மனைவி. வேறொருவர் 'இப்போதெல்லாம் நான் மௌனத்தைத்தான் கேட்கிறேன்' என்று எழுதியிருந்தார். அவருக்குக் காதுக் கருவி வாங்கித் தர மகன் தயாராக இருக்கிறான், இவர்தான் மாட்டிக்கொள்ள மாட்டேன் என்கிறார். அந்த மௌனத்துக்கும் பதினைந்து பேர் கைதட்டினீர்கள்.

நான் இதுவரை அங்கே ஒன்றும் எழுதியதில்லை. மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். தமிழை, சினிமாக் கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்களை எழுத்துக் கூட்டிப் படித்துக் கற்றுக்கொண்டவள். அதனால் கூச்சம் என்று நினைத்திருப்பீர்கள். கூச்சமெல்லாம் இல்லை. உங்களைப் போன்றவர்களைச் சின்ன வயதிலேயே போதும் போதும் என்கிற அளவுக்குப் பார்த்துவிட்டேன். அதை இன்றைக்குச் சொல்கிறேன். நீளமாகத்தான் இருக்கும். பாதியில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு ஓடிவிட வேண்டாம்.

எங்கள் வீடு கொச்சியில் மட்டாஞ்சேரியில், சுக்கு மிளகுக் கிடங்குகளுக்குப் பின்னால், நகரசபை ஊழியர்களுக்குக் கொடுத்த லைன் வீடு. அப்பாவுக்கு ஓடை வாருகிற வேலை. அம்மாவும் அக்காவும் கிடங்கில் சுக்கு புடைக்கப் போவார்கள். சாயங்காலம் அவர்கள் திரும்பி வந்தால் சேலையிலும் தாவணியிலும் இருந்து சுக்குத் தூசி பறக்கும், எனக்குத் தும்மல் வரும். மழைக்காலத்தில் அந்தக் காரத்தோடு நனைந்த சாக்கின் நாற்றமும் சேர்ந்துகொள்ளும். எனக்கு ஒன்பது வயது இருக்கும். அக்காவுக்குக் கல்யாணப் பேச்சு எடுக்கலாம் என்கிற வயது.

வளைகுடாவில் கொத்து வேலைக்குப் போயிருந்த சித்தப்பா ஒரு டூ-இன்-ஒன் கொண்டுவந்து அப்பாவிடம் கொடுத்தார். ரேடியோவும் கேசட்டும் ஒரே பெட்டியில். வெள்ளி நிறம், இரண்டு பக்கமும் ஒலிபெருக்கி, மேலே மடக்கிக்கொள்ளும் கைப்பிடி. அம்மா ரவிக்கைத் துணியில் அதற்கு உறை தைத்துப் போட்டாள். எங்கள் யாருக்கும் அந்த வருஷம் புதுத்துணி கிடையாது, பெட்டிக்கு இருந்தது.

பெட்டி வந்த செய்தி எப்படியோ பரவி, ரசிகர்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் வந்தவர் தபால்காரச் சேட்டன். எங்கள் சந்துக்குக் கடிதம் கொண்டுவரும்போது வாசலிலேயே எறிந்துவிட்டுப் போகிற மனிதர், ஒருநாள் எறிந்த பிறகும் போகாமல் நின்றார். அடுத்தது அரிசி மண்டியில் கணக்கு எழுதும் மாமா. அவரும் எங்களைப் போலத் தமிழர்தான், ஆனால் எங்கள் சந்துப் பக்கம் அதற்கு முன் எட்டிப் பார்த்ததில்லை. பிறகு இன்னும் இரண்டு மூன்று பேர். யார் வீட்டிலும் பெட்டி இல்லை. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு எங்கள் முன்னறையில் அப்பா இரவல் வாங்கிப் போட்ட பெஞ்சில் உட்கார்வார்கள். அப்பா மட்டும் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில்.

அந்தச் சபைக்கு ஒரு சட்டம் இருந்தது. கேசட்டைப் போடுவதற்கு முன் ஒவ்வொருவரும் அந்த வாரம் என்ன கேட்டார் என்று சொல்ல வேண்டும். தபால்காரச் சேட்டன்தான் தொடங்குவார். அவர் சொன்னதை விட அபூர்வமானதாக அடுத்தவர் சொல்ல வேண்டும். வீட்டில் பெட்டியே இல்லாதவர்கள் வாரம் முழுக்க எதில் கேட்டார்கள் என்று யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள். கடைத்தெருவில் கேசட் கடை வாசலில் நின்று அட்டையைப் படித்துவிட்டு வருவார்கள். அரிசி மண்டி மாமா ஒருமுறை ஒரு ஆல்பத்தை அரைமணி நேரம் வர்ணித்தார். அது இன்னும் வெளியாகவில்லை, வரப்போகிறது என்ற சுவரொட்டிதான் ஒட்டியிருக்கிறது என்பது எனக்கே தெரியும். பள்ளிக்கூடம் போகிற வழியில் நானும் அந்தச் சுவரைத் தாண்டித்தானே போகிறேன்.

இன்னொரு விஷயம். அவர்களுக்குச் சாயா, அதாவது டீ, தெருமுக்குக் கடையிலிருந்து கெட்டிலில் வரும். கண்ணாடித் தம்ளரும் கடையிலிருந்தே வரும். எங்கள் அம்மா அடுக்களையில்தானே இருக்கிறாள், அவள் போட மாட்டாளா என்று அப்போது எனக்கு ஆச்சரியம். ஓடை வாருகிறவன் வீட்டுப் பாட்டு காதுக்குள் போகலாம், அவன் வீட்டுச் சாயா தொண்டைக்குள் போகக் கூடாது. அது விளங்க எனக்குச் சில வருஷங்கள் ஆயின. அப்பாவுக்கு அன்றைக்கே விளங்கியிருக்கும். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். தெருவில் அவரை 'ஏய்' என்று கூப்பிடுகிறவர்கள் அந்த ஒரு சாயங்காலம் மட்டும் 'அண்ணாச்சி, அந்தப் பி சைடு ஒண்ணு போடணும்' என்பார்கள்.

இடவப்பாதி என்கிற ஜூன் மாத மழை தொடங்கின சமயம் பெட்டிக்குள் இருந்த ரப்பர் பெல்ட் அறுந்தது. கேசட்டைச் சுற்றவைப்பது அதுதான். அப்பா கடைத்தெருவில் ரிப்பேர்க் கடையில் ஒன்று வாங்கி வந்து தானே மாட்டினார். 'கொஞ்சம் பெரிய சைஸ், ஆனா ஓடும்' என்று கடைக்காரன் சொன்னானாம். ஓடியது. ஆனால் தளர்ந்து தளர்ந்து ஓடியது. பாட்டெல்லாம் மெதுவாகி, குரலெல்லாம் கொஞ்சம் இறங்கிவிட்டது.

நீங்களே இவ்வளவு பெரிய ரசிகர்கள், சொல்லுங்கள், அந்த அறையில் எத்தனை பேர் அதைக் கண்டுபிடித்திருப்பார்கள்? ஒருவரும் இல்லை. தபால்காரச் சேட்டன் கண்ணை மூடிக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"கேட்டோ? சப்தத்துக்கு ஒரு கனம் வந்நு. இது வேற ரிக்கார்டிங். அவர்க்கு ஏதோ பெரிய துக்கம் வந்ந சமயம் பாடினது."

"சரியாச் சொன்னீங்க சேட்டா," என்றார் அரிசி மண்டி மாமா. "எனக்கும் அதேதான் தோணிச்சு. நீங்க முந்திக்கிட்டீங்க."

அதற்கடுத்த வாரம், அதே பாட்டு அதே பெட்டியில் ரேடியோவில் வந்தது. ரேடியோவுக்குப் பெல்ட் வேண்டாம் அல்லவா? பாட்டு துடிப்பாக, பழைய மாதிரி ஓடியது. இப்போதாவது யோசிப்பார்கள் என்று பார்த்தால், மாமா கையை உதறினார். "ரேடியோக்காரன் விளம்பரத்துக்கு நேரம் மிச்சம் புடிக்கிறான். பாட்டை விரட்டுறான். மூடுங்க அண்ணாச்சி, காது கெட்டுடும்." எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். அப்பா ரேடியோவை மூடினார்.

இதையெல்லாம் உள்ளே அடுக்களை வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த ஒரு காது உண்டு. அக்காவுடையது. அவள் இந்த வாரம் என்ன கேட்டாள் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் அந்த வீட்டில் பாட்டை நிஜமாகவே கேட்டவள் அவள் ஒருத்திதான். அந்த மழைக்காலத்தில் வந்த புதுக் கேசட்டை அவள் முழுசாக அந்தத் தளர்ந்த பெல்ட்டில்தான் கற்றாள். பெட்டியில் என்ன வருகிறதோ அது அப்படியே அவள் தொண்டையில் வரும். அதே கீழ்ச்சுருதி, அதே நிதானம். இரண்டாவது சரணத்தில் டேப் ஒரு இடத்தில் கொஞ்சம் இழுக்கும், அங்கே அவளும் இழுப்பாள். கிடங்கில் அவள் பாடினால் மற்ற பெண்கள் முறத்தைத் தட்டாமல் கேட்பார்கள் என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சபைக்கு விருந்தாளியாகக் கானமேளா என்கிற மெல்லிசைக் கச்சேரிக் குழு நடத்தும் மாஸ்டர் வந்தார். அவர் வந்து உட்கார்ந்த உடனே மின்சாரம் போய்ப் பாட்டு பாதியில் நின்றது. உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அக்கா தன்னை மறந்து விட்ட இடத்திலிருந்து பாடிக்கொண்டே போனாள். பெஞ்சில் எல்லோரும் நெளிந்தார்கள். மாஸ்டர் மட்டும் எழுந்து அடுக்களை வாசலுக்கு வந்தார்.

"மோளே, நீயா பாடினது?"

அக்கா கைச் சாம்பலைக்கூடத் துடைக்காமல் எழுந்து நின்றாள்.

"எனக்கு ஓணத்துக்கு மேடை இருக்கு. பாடின குட்டி கல்யாணம் கழிஞ்சு போயி. அடுத்த ஞாயிறு ரிகர்சலுக்கு வா. இதே பாட்டு பாடு. சரியானா பின்னே எல்லா மேடையும் நினக்குத்தான்."

அந்த வாரம் அக்கா தரையில் நடக்கவில்லை. "மேடை கெடச்சா இனி சுக்குப் பொடைக்கப் போவண்டா இல்ல அம்மா?" என்று அம்மாவைத் தினமும் கேட்டாள். "பாக்கலாம் இருடி," என்பாள் அம்மா. சொல்லிக்கொண்டே தன் பட்டு ரவிக்கையை அக்காவுக்குப் பொருந்தும்படி பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். தூசியில் கிடந்து அம்மாவுக்கு இருமல் வந்திருந்தது. மகளுக்கும் அது வந்துவிடுமோ என்ற பயம் அவளுக்கு இருந்தது. மேடை என்றால் எங்கள் வீட்டில் அதுதான் அர்த்தம்.

ரிகர்சல் கோட்டைக் கொச்சியில் ஒரு மாடி அறையில். அக்காவோடு அப்பாவும் நானும் போனோம். சபை முழுக்க வந்துவிட்டது, ஏதோ தாங்களே பெற்று வளர்த்த மாதிரி. கிதார், தபலா, ஆர்மோனியத்தில் மாஸ்டர். முன்னிசை தொடங்கியது. அசல் ஆல்பத்தில் எப்படி இருக்கிறதோ அப்படி, அதே சுருதி, அதே வேகம். அக்கா திடுக்கிட்டு ஆர்மோனியத்தைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த பாட்டு அது இல்லை. இருந்தாலும் இடம் வந்ததும் பாடினாள், தனக்குத் தெரிந்த மாதிரி, எங்கள் வீட்டுப் பெட்டியில் ஓடுகிற மாதிரி. வாத்தியங்கள் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். தபலாக்காரன் சிரித்துவிட்டான்.

மாஸ்டர் கெட்டவர் இல்லை. நிறுத்திவிட்டு, "நீ பாடு, நான் உன்ட சுருதிக்கு வரேன்," என்றார். அவள் பாடினாள். அவர் ஒரு வெள்ளைக் கட்டையை அழுத்தினார், சேரவில்லை. பக்கத்துக் கறுப்பை அழுத்தினார், சேரவில்லை. அவள் குரல் இரண்டுக்கும் நடுவில் நின்றது. அங்கே ஆர்மோனியத்தில் கட்டையே கிடையாது. பெல்ட் இறக்கிவிட்ட அளவு அது. அவள் அதை மயிரிழை பிசகாமல் பிடித்திருந்தாள்.

"சுருதி இல்லல்லோ மோளே," என்றார் மாஸ்டர், வருத்தமாகத்தான். "கேட்டப்ப தோணல. ஆர்மோனியம் வச்சா அறியலாம். சாரமில்ல, பரவால்ல, போய்க்கோ."

திரும்பி வரும் வழியெல்லாம் தபால்காரச் சேட்டன் பேசிக்கொண்டே வந்தார். சுருதி என்பது பிறப்பிலேயே வர வேண்டுமாம். கேட்டுப் படித்தால் வராதாம். அரிசி மண்டி மாமா, அன்றைக்கே அடுக்களையிலிருந்து கேட்டபோது தனக்குச் சந்தேகம் வந்ததாகவும் மரியாதைக்காகச் சொல்லவில்லை என்றும் சொன்னார். மழையில் குடை பிடித்துக்கொண்டு, அந்தப் பெண்ணை முன்னால் நடக்கவிட்டு, அவள் காதில் விழும்படி! பெட்டி மெதுவாக ஓடியதைத் துக்கம், கனம் என்று கொண்டாடியவர்கள் இவர்கள்தான். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. வாத்தியக்காரர்கள் அவ்வளவு வேகமாக வாசித்ததைப் பற்றியும் அவர்களிடம் ஒரு விளக்கம் இருந்தது. "மேடைக்காரங்க அப்படித்தான், கைதட்டலுக்காக ஓட்டுவாங்க."

அப்பா மட்டும் ரிகர்சலில் வாசித்த வேகத்தைத் தொடையில் விரலால் தட்டித் தட்டிப் பார்த்தபடி வந்தார்.

இரண்டு மூன்று நாள் கழித்து, பள்ளிக்கூடம் மழை விடுமுறை. அப்பா பாதி வேலையில் வீட்டுக்கு வந்தார். மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். அதற்குள் புது பெல்ட், மெல்லிசாக, கறுப்பாக. பெட்டியைக் கவிழ்த்துத் திருகாணிகளைக் கழற்றி, பழையதை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டினார். கேசட்டைப் போட்டார். பாட்டு துள்ளிக்கொண்டு வந்தது. பாடுகிறவள் சட்டென்று இளம்பெண் ஆகிவிட்டாள். ரிகர்சல் அறையில் வாசித்தார்களே, அதே சுருதி. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, தாளம் போட்டேன். அப்பா முழுப் பாட்டையும் பெட்டியைப் பார்த்தபடியே கேட்டார்.

பாட்டு முடிந்ததும் பெட்டியை மறுபடி கவிழ்த்தார். புது பெல்ட்டைக் கழற்றினார். பழைய தளர்ந்த பெல்ட்டையே திரும்ப மாட்டி ஓடவிட்டார்.

புதியதை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு என் மணிக்கட்டில் இரண்டு சுற்றாகச் சுற்றிவிட்டார். "வளையல். நல்லாருக்கு," என்றார். நான் அதைப் போட்டுக்கொண்டு சந்து முழுக்கக் காட்டிக்கொண்டு திரிந்தேன். பள்ளிக்கூடத்தில் எங்கேயோ தொலைந்தும் போனது. அப்பா ஏன் அப்படிச் செய்தார் என்பது அன்று விளங்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குச் சபை வந்தது, பாட்டு மெதுவாக ஓடியது, சேட்டன் கண்ணை மூடினார். அப்பா வெள்ளை வேட்டியில் தரையில் உட்கார்ந்திருந்தார். பெட்டியில் கோளாறு என்று தெரிந்தால் அவர்கள் இத்தனை நாள் பேசிய பேச்செல்லாம் உளறல் ஆகிவிடும். உளறியது யார் வீட்டில் என்று கோபம் வரும். பிறகு வர மாட்டார்கள். அப்பா தராசில் ஒரு தட்டில் மகளை வைத்தார், இன்னொன்றில் அந்த பெஞ்சை வைத்தார். பெஞ்சு கனத்தது. செத்துப்போன மனிதர், என் அப்பா, ஆனாலும் சொல்கிறேன்: கேவலமான காரியம்.

அக்கா கிடங்குக்குத் திரும்பினாள். அதன்பின் முறம் தட்டுகிற சத்தம் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அடுக்களை வாசலில் உட்காராமல் குழாயடிக்குப் போய்விடுவாள். பிறகு கல்யாணமாகி ஆலுவாவுக்குப் போனாள். அங்கே ஒரு ஹோட்டல் அடுக்களையில் பல வருஷம் வேலை. எனக்கு விவரம் தெரிந்து விஷயத்தை நானாகக் கூட்டிப் பார்த்தபோது அவளுக்கு இரண்டு பிள்ளைகள். அவளிடம் இனிச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன். தனக்குச் சுருதி இல்லை என்று நம்பியே அவள் வாழ்க்கை போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நம் வங்கி மேலாளர் சென்ற வாரம் ஒன்று பகிர்ந்தார். பேரன் காட்டினானாம். பழைய பாட்டுகளை வேண்டுமென்றே மெதுவாக்கி, சுருதியை இறக்கிப் போடுகிறார்களாம், இளசுகள் அதைத்தான் விழுந்து விழுந்து கேட்கிறார்களாம். 'என்ன ஆழம்! என்ன துக்கம்! அசலை விட இதில்தான் உயிர் இருக்கிறது!' என்று எழுதியிருந்தார். நீங்கள் அத்தனை பேரும் ஆகா என்றீர்கள். தபால்காரச் சேட்டன் செத்துப்போகவில்லை, நம் குழுவில்தான் இருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. தொட்டுத் திறந்தேன். அந்தப் பாட்டு. எங்கள் பாட்டு.

அன்றைக்கே வைட்டிலாவில் பஸ் மாறி ஆலுவா போனேன். அக்கா பின்வாசலில் உட்கார்ந்து கப்பை என்கிற மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லாமல் போனை அவள் பக்கத்தில் வைத்து ஓடவிட்டேன். முன்னிசை போயிற்று. பல்லவி போயிற்று. அவள் தலையைத் தூக்கவில்லை. தோல் மட்டும் ஒரே நீளமாக விழுந்துகொண்டிருந்தது.

பிறகு, "அந்த பெல்ட்ட இன்னும் மாத்தலியாடி?" என்றாள்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியாம? அப்பா பெல்ட்ட மாத்தின அன்னிக்கு எனக்கு மேலுக்கு முடியல, நேரத்தோட வந்துட்டேன். சந்து மொனையில நிக்கறப்ப பாட்டு ஓடற சத்தம் கேட்டுது, ரிகர்சல்ல வாசிச்ச அதே மாதிரி. குழாயடியிலயே நின்னு முழுசாக் கேட்டேன். வீட்டுக்கு வந்து பாத்தா பழையபடி இழுக்குது. உன் கையில புது ரப்பர் வளையல்."

"பின்னே ஏன் அப்பாகிட்ட ஒண்ணும் கேக்கல? மாஸ்டர்கிட்ட போய்ச் சொல்லிருக்கலாமே!"

அவள் அடுத்த கிழங்கை எடுத்தாள். "சொன்னா அடுத்த ஞாயித்துக்கிழம அப்பாவத் தேடி யாருடி வருவா?"

நான் அழுதேன், மறைக்கவில்லை. அவள் என்னைக் கண்டுகொள்ளவில்லை. சரணம் வந்தது, அவள் பாடினாள். இத்தனை வருஷம் கழித்து, கட்டை இல்லாத அந்த இடத்தில், அதே நிதானத்தில். போனில் ஓடுவது அவளுக்கு இடைஞ்சல் என்று நினைத்து நான் அதை அணைத்தேன். இரண்டாவது சரணத்தில், எங்கள் டேப் இழுக்கும் இடத்தில், அவளும் கொஞ்சம் இழுத்தாள்.

சமீபத்தில் என்ன கேட்டீர்கள் என்று வாரம் தவறாமல் விசாரிக்கிறீர்களே, இதைத்தான் கேட்டேன். போட்டுக் காட்ட அட்டைப்படம் கிடையாது.